பழைய பெட்டியும் புதிய பாட்டும்



பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியை அடுத்துள்ள கொற்கையை நீங்கள் அறிவீர்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. 1968–69ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அங்கே அகழாய்வு செய்து அதன் பழமையை வெளிப்படுத்தினர். இன்று அவ்வூரிலிருந்து கடலைக் காண 6, 7 கிலோமீட்டர் செல்லவேண்டும். ஊர் இடம் பெயரவில்லை; ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல்தான் விலகிப் போயிற்று.

பழைய கார்களில் உள்ள வானொலிப் பெட்டிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஏரல் பக்கத்து நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் காரைப் பேணி வருகிறார். அதிலுள்ள வால்வு வானொலி பழுதின்றி இருக்கிறது. ஆனால் அது வாங்குவது மத்திய அலையை மட்டுமே. ஜெர்மனியின் தேசிய வானொலி 2015ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அலையைக் கைவிட்டது. நம் நாட்டிலும் பண்பலையே ஓங்கி வருகிறது. பெட்டி இருக்கிறது, அலைதான் விலகிப் போகிறது. "உள்ளே இருப்பதை எடுத்தெறிந்துவிட்டு, என் கையடக்க இசைக்கருவியின் பாட்டு அதில் ஒலிக்குமாறு செய்துவிடலாமா?" என்று நண்பர் கேட்டார். எறிய வேண்டியதில்லை என்றேன் நான். ஏன் என்பதை உங்களுக்கும் கூறுகிறேன்.

அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930இல் 'மோட்டரோலா' என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து வால்வுகள் வேலை செய்ய ஏறத்தாழ 200 வோல்ட் தேவை. காரின் மின்கலமோ 6 அல்லது 12 வோல்ட் மட்டுமே தரும். எனவே பெட்டிக்குள் ஓர் அதிர்வி வைத்தார்கள். அது நேர்மின்னோட்டத்தை நொடிக்கு நூறு முறைக்குமேல் வெட்டி வெட்டி விடும். மின்மாற்றி அதனை உயர்த்தும். பழைய கார்களில் வானொலியைத் திருகியதும் கேட்கும் மெல்லிய முரல் ஒலி இதனுடையதே.

வான்கம்பி வழியே வரும் அலை முதலில் 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றப்படுகிறது. பின்னர் உணர்பகுதி, அலையின் மேல் ஏறி வந்த ஒலியை மட்டும் பிரித்தெடுக்கிறது. அவ்வொலி குமிழின் வழியாகப் பெருக்கியை அடைந்து, ஒலிபெருக்கியில் முழங்குகிறது. ஆகவே புதிய பாட்டு நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று வான்கம்பித் துளை, மற்றொன்று குமிழ்.

கடைகளில் கிடைக்கும் பண்பலைச் சிற்றனுப்பி இங்கே பயன்படாது. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977இல்தான் சென்னையில் தொடங்கிற்று. அதற்கு முந்தைய இப்பெட்டி அம்மொழியை அறியாது. பாட்டை மத்திய அலையின் மேல் ஏற்றும் சிறு பண்பேற்றி ஒன்று வேண்டும். நிலையம் எதுவும் ஒலிக்காத ஓர் அதிர்வெண்ணில் அதனை அமைத்து, வான்கம்பியைக் கழற்றிவிட்டு, அத்துளையில் உறையிட்ட கம்பியால் இணைக்க வேண்டும். அலையை வெளியே பரவ விடலாகாது. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். இம்முறையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆனால் மத்திய அலைக்குரிய குறுகிய எல்லைக்குள் இசையின் உச்ச நாதங்கள் சற்று மங்கும்.

இரண்டாம் முறையில் ஒலி தெளிவாக இருக்கும், ஆபத்தும் உண்டு. இசைக்கருவியின் இடம், வலம் ஆகிய இரு ஒலிகளையும் தனித்தனி மின்தடைகள் வழியே ஒன்றாக்கி, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றின் ஊடாகக் குமிழில் சேர்க்க வேண்டும். மின்தேக்கி ஒலியை விடும். நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து இசைக்கருவியைக் காக்கும். ஆனால் திறந்த பெட்டிக்குள் 200 வோல்ட் உறைகிறது. காரை நிறுத்திய பின்னும் அது மின்தேக்கிகளில் தங்கியிருக்கக்கூடும். ஆதலால் பழகிய கைவினைஞர் அருகில் இல்லாமல் மாணவர்கள் இதில் கை வைத்தல் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகளிலோ எதிர்முனையே பொதுமுனை. இதனை அறியாமல் அக்காரின் மின்கலத்திலிருந்தே இசைக்கருவிக்கும் மின்சாரம் கொடுத்து, ஒலிக்கம்பியையும் பெட்டியில் செருகினால், இருமுனைகளும் நேரே சந்திக்கும், கம்பி தீய்ந்துவிடும். இசைக்கருவி தன் சொந்த மின்கலத்தால் இயங்குவதே பாதுகாப்பு.

நண்பர் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தார். பெட்டியில் ஓர் ஆணியும் கழற்றப்படவில்லை. பண்பேற்றியை எடுத்துவிட்டு வான்கம்பியைப் பொருத்தினால், வானில் நிலையம் உள்ளவரை அது பழையபடி பாடும். பழைய பொருளைப் புதிய பயனுக்குக் கொண்டுவரும்போது, நாம் செய்த மாற்றத்தை நமக்குப் பின் வருபவர் நீக்கிப் பழைய நிலையை மீட்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஏனெனில் அவர்கள் அதனிடம் கேட்க விரும்பும் கேள்விகள் நமக்கு இன்று தெரியா. உங்கள் வீட்டில் பழைய வானொலி ஒன்று இருக்குமானால், அதனைத் திறப்பதற்கு முன் அதன் மின்சுற்று வரைபடத்தைத் தேடிப் படியுங்கள்.