ஊழியத்தின் நோக்கமும் விசுவாசத்தின் உறுதியும்
(செந்துறை வட்டார இறையியல் மாணவர்களுக்கான பட்டமளிப்பு விழா உரை)

விசுவாச உறுதி என்றதும் சிறையும் அடியும் ஏளனமுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தாங்கியவர்கள் போற்றுதலுக்கு உரியவர்கள். ஆயினும் கேட்பாரும் பார்ப்பாரும் இல்லாத சாதாரண நாட்களே ஓர் ஊழியரை அதிகம் சோதிக்கின்றன. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் கோவாவில் இறங்கி, பிறகு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டினார். தேம்பாவணியையும் சதுரகராதியையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இன்று பட்டம் பெற்று ஊர் ஊராகப் போகவிருப்பவர்களுக்கு அவற்றைவிட நெருக்கமானது அவருடைய உரைநடை நூலான ‘வேதியர் ஒழுக்கம்’.

வேதியர் என்பவர் உபதேசியார். அந்த நாளில் குருக்கள் சிலரே. அவர்கள் சுற்றி வர வேண்டிய நிலப்பரப்போ மிகப் பெரிது. ஒரு சிற்றூருக்குக் குருவானவர் வருடத்தில் ஓரிரு முறை வந்தாலே அதிகம். மற்ற நாட்களில் சனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக் கொடுத்தவரும், சாகக் கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், இறந்தவரை அடக்கம் செய்தவரும், வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தவரும் உபதேசியாரே. அவர் செய்ததைச் சரிபார்க்க மேலே ஆள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் ஊரில் செல்வாக்கும் உண்டு. இப்படிப்பட்டவரிடம் உள்நோக்கம் கெட்டுப்போனால் ஒரு ஊரின் விசுவாசமே கெட்டுப்போகும். பெரும் காப்பியம் பாடிய கை, உபதேசியாரின் ஒழுக்கத்துக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

வேதாகமத்தில் கேயாசியின் கதை இந்த ஆபத்தைத்தான் காட்டுகிறது. நாகமான் கொடுத்த காணிக்கையை எலிசா மறுத்துவிட்டார். கேயாசி பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடைகளும் வாங்கி ஒளித்து வைத்தான். அதன் பிறகு அவன் செய்ததுதான் அச்சம் தருவது: ஒன்றும் நடவாததுபோல எஜமான் முன் வந்து நின்றான். அவன் ஊழியத்தை விட்டு ஓடவில்லை. பதவியில் நிலைத்திருப்பதும் விசுவாசத்தில் நிலைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதற்கு நேர் எதிராக நின்றவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்த அவரை 1779இல் சென்னை அரசு ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. திரும்பும்போது ஹைதர் தரப்பில் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஸ்வார்ட்ஸ் அதை அப்படியே சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அரசு சொன்னபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். அடுத்த ஆண்டு போர் மூண்டு ஊர்கள் எரிந்த காலத்திலும், இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடும்படி ஹைதர் தம் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார். பணத்தில் கை நனைக்காதவர் என்ற நம்பிக்கை எதிரியின் பாசறையிலும் செல்லுபடியானது. அவர் பேணிக் காத்த இளவரசர் சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் 1798இல் ஸ்வார்ட்ஸ் மறைந்தபின் பளிங்கு நினைவுச் சிற்பம் செய்வித்தவர் அவரே. எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்ற எண்ணிக்கைக்காக மட்டும் ஊழியம் செய்பவருக்கு இந்த அன்பு புரியாது.

செந்துறைச் சுற்றுவட்டாரத்தில் மானாவாரி நிலத்தையும் முந்திரிக்காட்டையும் நம்பி வாழும் குடும்பங்களிடையே பணி செய்யப்போகும் இளம் ஊழியருக்கும் சோதனை இதே இடங்களில்தான் வரும். விளைச்சல் பொய்த்த வருடத்தில் காணிக்கை குறையும். அப்போது, கொடுக்க இயலாத வீட்டின் வாசலை மிதிக்கக் கால் தயங்கும். கொடுத்த உதவிப் பையைவிடக் கொடுப்பதை எடுத்த படம் முக்கியமாகிவிடும். திருவிழா பேனரில் தம் படம் சிறிதாகிவிட்டதென்று மனம் கசக்கும்.

பண விஷயத்துக்கு வேதாகமமே வழி காட்டுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்ல இடம் இராதபடி, சபைகள் தேர்ந்த ஆட்களைக் கூட அழைத்துச் சென்றார். காணிக்கையை இருவர் எண்ணுவதும், வரவு செலவைச் சபை நடுவே வாசிப்பதும் அதே ஏற்பாடுதான். புகழாசைக்கு இத்தகைய கணக்குப் புத்தகம் கிடையாது. யாரிடமும் சொல்லாமல் செய்யும் வீடு சந்திப்பும், கதவடைத்துச் செய்யும் ஜெபமும், தவறைக் கண்டால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மூத்த ஊழியர் ஒருவரின் பழக்கமும் அதற்கு வேண்டும். முதல் பணியிடத்தில் பொறுப்பேற்ற வாரத்திலேயே அப்படி ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது. பாராட்டு குவியத் தொடங்கிய பின் அந்தத் தேவை எளிதில் புலப்படாது.