பயணக் கணக்கும் பழக்கக் கணக்கும்

(மேலூரில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நம்முடைய மேலூர் திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். ஆகவே வியாபாரக் காரியமாக வெளியூர் போய் வருகிறவர்கள் நம் குடும்பங்களில் அநேகர் உண்டு. நெல் விஷயமாகவோ, ஜவுளி விஷயமாகவோ, கம்பெனி வேலையாகவோ இரவுப் பேருந்தில் ஏறுகிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ மூன்று நான்கு நாள் லாட்ஜில் தங்குகிறார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் கையில் பையோடு ஊர் வந்து இறங்குகிறார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்களையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் வீட்டாரையும் மனதில் வைத்து இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

ஊர் திரும்பியவர் தவறாமல் செய்கிற ஒரு வேலை உண்டு. அது செலவுக் கணக்கு எழுதுவது. டிக்கெட் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறார். குடித்த டீக்குக்கூட கணக்கு உண்டு. முதலாளிக்கும் கூட்டாளிக்கும் கொடுக்கிற இந்தக் கணக்கைத் தன் சரீரத்துக்கும் தன் வீட்டுக்கும் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்?

கொஞ்சம் எழுதிப் பார்ப்போம். நாலு நாளும் ஓட்டல் சாப்பாடு. எண்ணெயும் உப்பும் அதிகம். ஒவ்வொரு கடையிலும் உபசாரமாகக் கொடுத்த டீ, ஒவ்வொன்றிலும் சர்க்கரை. தூக்கம் குறைவு. உட்கார்ந்தே போன பொழுது அதிகம். பிரஷர் மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. இது செலவுப் பக்கம்.

வரவுப் பக்கமும் உண்டு. வெளியூரில் அதே மனிதர் தன் பையைத் தானே சுமக்கிறார். தன் துணியைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார். தண்ணீரைத் தானே பிடித்துக் குடிக்கிறார். பரிமாறுகிற பையனிடம்கூட, "தம்பி, கொஞ்சம் சாம்பார் கொடுப்பா" என்று தன்மையாய்க் கேட்கிறார். மூன்று சட்டையில் நாலு நாளை ஓட்டிவிடுகிறார். ஆனால் வீட்டு வாசலில் கால் வைத்த மறு நிமிஷமே பையும் தன்மையும் கீழே வைக்கப்படுகின்றன. "தண்ணி எங்கே?" என்ற அதட்டல் எழும்புகிறது. நல்ல பழக்கங்களை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, கெட்டவைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருவது எவ்வளவு நஷ்டமான வியாபாரம்!

பிரியமானவர்களே, ஊர் திரும்பும் நாள் சாதாரணமான நாள் அல்ல. வீட்டிலே நம் பழக்கங்கள் வேர் பிடித்து நிற்கின்றன. பயணம் அந்த வேர்களைச் சற்று அசைத்துவிடுகிறது. திரும்பி வந்த முதல் ஓரிரு நாட்களில் எதை மறுபடி நடுவது, எதை விட்டுவிடுவது என்று நாம் தெரிந்துகொள்ளலாம். "இன்றைக்கு அலுப்பு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பழைய வேர் மறுபடி இறுகிவிடும்.

இதற்கு எல்லாரும் அறிந்த ஒருவருடைய இரண்டு ரயில் பயணங்களை நினைவூட்ட விரும்புகிறேன். 1904-ம் ஆண்டு காந்தி தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராயிருந்தார். "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையின் வரவு செலவு மோசமாயிருப்பதாகத் தகவல் வந்ததால், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டார். முற்றிலும் கணக்கு வழக்குக்கான பயணம் அது. வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரஸ்கின் எழுதிய ஒரு நூலைக் கையில் கொடுத்தார். இருபத்துநான்கு மணி நேரப் பயணம். மாலையில் டர்பனில் இறங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வாசித்தபடி தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தார். தீர்மானத்தை மனதிலேயே வைத்துக்கொள்ளாமல், பத்திரிகையைக் கவனித்து வந்த வெஸ்ட் என்பவரிடம் சொல்லிவிட்டார். அந்த ஆண்டே பீனிக்ஸ் என்ற இடத்தில் நிலம் வாங்கி, அச்சகத்தையும் அங்கே கொண்டுபோய், உடல் உழைப்போடு கூடிய எளிய வாழ்க்கையைத் தொடங்கினார்.

இரண்டாவது பயணம் நம் மதுரைக்கே வந்தது. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது, கூட வந்த பயணிகளிடம் கதர் உடுத்தும்படி காந்தி பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அப்போது அவர் உடுத்தியிருந்ததோ முழு வேட்டி, சட்டை, குல்லாய். அந்தப் பதிலை அவர் மறக்கவில்லை. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து, செப்டம்பர் 22-ம் தேதி இடுப்பில் அரை வேட்டி மட்டும் உடுத்தியவராய் வெளியே வந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயுள் முழுவதும் இப்படியே இருப்பேன் என்று அவர் அன்று அறிவிக்கவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் சொன்னார். ஏறக்குறைய 40 நாள்! லெந்து காலத்தை ஆசரிக்கிற நமக்கு 40 நாள் பழக்கமான கணக்கு அல்லவா? அந்த நாற்பது நாள் உடை 1931-ல் லண்டன் வரை சென்றது. கடைசி நாள் வரை நிலைத்தது. பார்த்ததை மறக்குமுன் செய்தார், சிறியதாய்ச் செய்தார், தேதி குறித்துச் செய்தார்.

பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2010-ல் வெளியானது. அவரவர் சாப்பாடு, தண்ணீர், நடை சம்பந்தமான ஒரே ஒரு சிறு காரியத்தைத் தெரிந்துகொண்டு, தினமும் ஒரே வேளையோடு சேர்த்துச் செய்தார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் வீணாகிவிடவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறினவர் சோர்ந்துபோக வேண்டாம். மறுநாள் தொடர்ந்தால் போதும்.

இது அற்பமான காரியம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். வருஷக் கணக்கில் நீடிக்கும் இந்த வியாதி, பாத நரம்புகளின் உணர்ச்சியைக் குறைத்துவிடக்கூடும். புது ஷூ போட்டு நாலு நாள் அலைந்தவருக்குக் கொப்புளம் வந்திருக்கும், வலி தெரியாது. வலி இல்லாததால் பார்க்கமாட்டார். பார்க்காத கொப்புளம் புண்ணாகி, சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்த குடும்பங்கள் உண்டு. சம்பாதிக்கப் போன பயணம், சம்பாதிக்கும் காலையே எடுத்துக்கொள்ளலாமா?

வெளியே போய் வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே நுழைவது நம் முன்னோர் வைத்த நல்ல வழக்கம். புதிய பழக்கத்தை அந்தப் பழைய வழக்கத்தோடு கட்டிவிடுங்கள். கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். புண் இருந்தால் கை வைத்தியம் செய்யாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

துணிகளைப் பையிலிருந்து எடுக்கும்போதே அடுத்த பயணத்துக்கான மாத்திரைகளைப் பையின் கைக்கெட்டும் அறையில் வைத்துவிடுங்கள். தவறிப்போன மாத்திரைக்காக இரண்டாய்ச் சேர்த்துப் போடாதீர்கள்; மருத்துவரைக் கேளுங்கள். செலவுக் கணக்கு எழுதுகிற அதே தாளின் பின்பக்கத்தில், இந்தப் பயணத்தில் கண்ட ஒரே ஒரு பழக்கத்தை எழுதி, 40 நாள் தள்ளி ஒரு தேதி போடுங்கள். அது சர்க்கரை இல்லாத டீயாக இருக்கலாம், சாயங்கால நடையாக இருக்கலாம், "தண்ணி எங்கே?" என்று கேளாமல், தானே எழுந்துபோய், வீட்டம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டு வருவதாகவும் இருக்கலாம்.

கம்பெனிக்குக் கொடுக்கும் கணக்கு அந்த மாதத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்குக் கொடுக்கும் கணக்கோ நம் பிள்ளைகள் நம்மோடு வாழும் நாட்களைக் கூட்டித் தரும். உங்கள் போக்கும் வரத்தும் சுகமாயிருப்பதாக!