முறையீட்டுக் கடிதம் எழுதுமாறு

(அரக்கோணத்தில் கூடிய நம் சங்கத்து மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் பேசப் புகுந்த விஷயம் இலக்கியமன்று, புராணமுமன்று. விலை கொடுத்து வாங்கிய பொருள் பழுதுபட்டால், அதற்குரிய கம்பெனியாருக்குக் கடிதம் எழுதுவது எவ்வாறு என்பதே. தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். என் பாண்டித்தியத்தால் என் தங்கை அடைந்த நஷ்டத்தைக் கேட்டபின் நகையார்.

சில ஆண்டுகளுக்கு முன், கணவனை இழந்த என் தங்கை ஜீவனத்தின் பொருட்டுத் தையல் இயந்திரம் ஒன்று வாங்கினாள். இருபது நாளில் அது நூலை அறுக்கத் தொடங்கிற்று. கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டினார். தங்கை என்னிடம் வந்தாள். யானும் உற்சாகத்துடன் நான்கு பக்கம் வரைந்தேன். மனுநீதிச் சோழனை அழைத்தேன். கண்ணகியின் சிலம்பை உடைத்தேன். இறுதியில் சாபமும் இட்டேன். ஒரு மாதம் கழிந்தது, பதில் இல்லை. தங்கை நகலை வாங்கி நிதானமாகப் படித்து, "அண்ணா, எல்லாம் நன்றாயிருக்கிறது, இயந்திரத்தின் எண் எங்கே?" என்றாள். எண் இல்லை; வாங்கிய தேதி இல்லை; வேண்டுவது இன்னதென்பதும் இல்லை. அன்றே அவள் சொல்லச் சொல்லப் பத்து வரியில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் வேறு இயந்திரம் வந்தது. ஆயினும், பள்ளி திறக்குமுன் தைத்துத் தரவேண்டிய சீருடைகள் அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டன. அவ்வருஷத்து வருவாய் என் சொல்லலங்காரத்துக்குப் பலியாயிற்று.

இதற்கு மாறாக நல்லதோர் உதாரணம் காட்டுவேன். 1917 செப்டம்பர் 12-ந் தேதி காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். அந்த இருப்புப்பாதை நம் அரக்கோணத்தின் வழியே செல்வது. அவ்வனுபவத்தை அம்மாதம் 25-ந் தேதி ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். வண்டி 22 பேருக்கென்று குறிக்கப்பட்டிருந்தது, இரண்டு இரவும் படுக்க வசதியில்லை, ராய்ச்சூருக்குப்பின் நெருக்கடி பொறுக்க முடியாததாயிற்று என்று கண்டதையே சொன்னார். முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதே; மூன்றாம் வகுப்பாருக்கு அவ்வசதியில் ஐந்திலொன்றேனும் உண்டா என்று கணக்கிட்டுக் கேட்டார். பரிகாரமும் சொன்னார்: வைசிராய் முதலிய மேலோர் முன்னறிவிப்பின்றி இடையிடையே மூன்றாம் வகுப்பில் சென்று பார்க்கட்டும் என்றார். வசைமொழிக்கு அங்கே வேலை நேரவில்லை.

ஆகவே விதிகள் சிலவே. தேதி, ரசீது எண், பொருளின் எண், தொகை ஆகியவற்றை முதலிற் குறிக்க. நடந்ததை நடந்த வரிசையில் சொல்க. மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா, பழுது பார்ப்பதா என்று ஒன்றைத் தெளிவாகக் கேட்க. பதினைந்து நாள் என்றாற்போல் தவணை வைக்க. ரசீதின் நகலையே அனுப்பி, மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்க. மரியாதை தவறற்க, கடிதத்தைப் படிக்கும் குமாஸ்தா நமக்குத் தீங்கிழைத்தவர் அல்லர், அவரே நமக்கு உதவ வேண்டியவர். மின்னஞ்சலில் எழுதுவோர்க்கும் இவையே விதி.

இவ்வளவும் செய்து பயனில்லையாயின் சட்டம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலையவேண்டுவதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமன்று. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். அங்கேயும் நாம் எழுதிய கடிதத்தின் நகல் உதவும்.

அன்பர்களே! நம்மவருள் எழுதத் தெரியாமையால் நஷ்டத்தை விதியென்று விழுங்குவோர் பலர். படித்த இளைஞரும் பெண்மணிகளும் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் நம் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, வருவோர்க்குக் கடிதம் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். முதல் ஞாயிறு யானே வருவேன். நான்கு பக்கம் எழுதமாட்டேன் என்று என் தங்கைக்கு வாக்களித்திருக்கிறேன்.