வெட்ட வேண்டிய மரம்

(யான்புவில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் எமது அங்கத்தவர் ஒருவர் அங்கு நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தலைவர் அண்ணை "போன வருசம் நடந்ததைச் சொல்லு தம்பி" என்று கேட்டதால் வந்து நிற்கிறேன்.

போன புத்தாண்டுக்கு நாங்கள் காசு சேர்த்து ஒரு இஸ்திராஹா வாடகைக்கு எடுத்தோம். மதில் கட்டி, பேரீச்சை நட்டு, குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற தோட்டத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். இரண்டு நாளைக்கு முதல் காவல்காரர் போன் எடுத்தார். நிழல் மரங்கள் நிற்கிற பக்கத்தை அடைத்துவிட்டார்களாம், மூன்று மரம் வெட்டப் போகிறார்களாம். எங்களுக்குச் சரியான கோபம். "பச்சையாய் நிற்கிற மரத்தை ஏன் வெட்டுகினம்? எங்கட காசைத் தரட்டும்" என்று சத்தம் போட்டோம். நானும்தான் போட்டேன்.

நேரில் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் மண்ணிறச் சாறு வடிந்திருந்தது. கெட்ட நாற்றம். மரத்தைப் பிளந்தபோது உள்ளே வெறும் சக்கை, புழு நெளிந்தது. அது வேறொன்றுமில்லை, எங்கட ஊர்த் தென்னையைத் தின்கிற அதே செவ்வண்டு!

இந்த வண்டின் தாய்நாடு எங்கள் பக்கம்தான். 1985 இல் எமிரேட்ஸில் கண்டார்கள். 1987 இல் சவூதியில், கதீஃப் பகுதியில் கண்டார்கள். பறந்து வந்ததைவிட, ஓரிடத்தில் பிடுங்கி இன்னோரிடத்தில் நட்ட மரங்களோடும் கன்றுகளோடும் வந்ததுதான் அதிகம். ஒரு பெண்வண்டு 200, 300 முட்டை இடும். புழு உள்ளேயே இருந்து தின்னும். வெளியில் ஓலை பச்சையாகவே நிற்கும். நேரத்தோடு கண்டால் மருந்து ஏற்றிக் காப்பாற்றலாம். பிந்திவிட்டால் வெட்டி, சிறு துண்டாக்கி, எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். வெட்டிச் சும்மா போட்டால் உள்ளே இருக்கிற வண்டு வெளியில் வந்து பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.

இதை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 2002 இல் சமாதான காலத்தில் நாங்கள் சாவகச்சேரிக்குத் திரும்பிப் போனபோது, ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்ற தென்னைகள்தான் வளவு நிறைய. தப்பி நின்ற இளந்தென்னை ஒன்றில் சாறு வடிந்தது. அதை வெட்டச் சொல்லி அயலவர்கள் சொன்னார்கள். ஐயாவுக்கு மனம் வரவில்லை. "மிஞ்சினதே இவ்வளவுதான், இதையும் வெட்டவோ?" என்று கேட்டு, ஓட்டைக்குக் களிமண் அப்பி மறைத்தார். அடுத்த வருசம் ஐந்து மரம் போனது. அதில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஐயாவோடு கதைக்காமல் விட்டது அதற்குப் பிறகுதான்.

இந்த யான்பு பாலைவனத்தில் எழுப்பிய நகரம். றோயல் கமிஷன் 1975 இல் அமைக்கப்பட்ட பிறகுதான் இந்தத் தொழில் நகரமும் பூங்காக்களும் வந்தன. இங்கே தண்ணீர் விடாமல் ஒரு மரமும் வளராது. கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் பாய்ச்சுகிறார்கள். ஆகவே பூங்காவோ தோட்டமோ நடத்துகிறவர் இன்றைக்கு வாடகை தருகிறவரை மட்டும் பார்க்க ஏலாது. இருபது வருசத்துக்குப் பிறகு அந்த நிழலில் இருக்கப் போகிறவரையும் பார்க்க வேண்டும். எங்கள் ஒரு நாள் கொண்டாட்டத்தை நிறுத்தி மரத்தை வெட்டியது சரி என்றுதான் இப்போது சொல்வேன். முற்பணத்தையும் முழுதாகத் திருப்பித் தந்தார்கள்.

எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு. அதற்கு முந்தின வருசம் பெயர்ப்பலகை கட்ட மரத்தில் ஆணி அடித்தது நாங்கள்தான். புதுக் காயத்தின் மணம் வண்டைக் கூப்பிடும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெட்டிய மரத்தடியில் இருந்து நான் ஒரு கன்றை எடுத்து வந்து, எங்கள் காம்ப் வாசலில் நட வைத்திருந்தேன். இரவு படுத்தால் ஐயாவின் களிமண்தான் ஞாபகம் வந்தது. விடியக் கொண்டுபோய் மரத் துண்டுகள் எரித்த இடத்திலேயே எரித்துவிட்டேன்.

ஆகவே இந்த வருசம் மூன்று வேண்டுகோள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கயிற்றால் கட்டுங்கள். கன்று எதையும் காரில் ஏற்றி வராதீர்கள். சாறு வடிகிற மரத்தைக் கண்டால் "எங்களுக்கு ஏன் சோலி" என்று போகாமல் காவல்காரரிடம் சொல்லுங்கள்.

இந்த நிலம் எங்களுடையதல்ல. ஆனால் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற நிழல் இதுதான்.