எடை குறைந்த கதை



நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பருத்த உடலுடைய மாணவன் ஒருவனைக் காலை வழிபாட்டில் எல்லார் முன்னிலையிலும், 'சோற்றைக் குறை. தானே இளைப்பாய்' என்று கடிந்தேன். பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

ஓய்வு பெற்றபின் அப்பருமன் என்னையே பற்றிக்கொண்டது. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 124 கிலோ. சோற்றைக் குறைத்தேன், இளைத்தேன், சில திங்களில் இழந்த எடை வட்டியோடு திரும்பியது. மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. நீரிழிவும் வந்தது. இரவில் உறக்கத்தினிடையே மூச்சுத் திணறியது.

2021ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைக்கு இசைந்தேன். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழாயாக்கினர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு, நீக்கிய அப்பகுதியிலேதான் மிகுதியாக உண்டாகிறது என்று மருத்துவர் விளக்கினார். பட்டினியால் எடை குறையுங்கால் இச்சுரப்பு பெருகி, இழந்ததை மீட்குமாறு உடலை உந்துமாம். என் மூன்று தோல்விகளுக்கும் அன்றுதான் காரணம் விளங்கிற்று. மனவலிமைக் குறைவு என்றல்லவா எண்ணியிருந்தேன்!

இஃது எளிய வழியன்று. முதல் நாட்களில் ஒரு குவளை நீரை அரைமணி நேரம் மிடறு மிடறாகப் பருகினேன். தலைமுடி உதிர்ந்தது. பந்தியில் ஓர் இட்டலியோடு நான் எழுந்தால், விருந்திட்டவர் இன்றும் மனம் வருந்துகின்றனர். வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு. ஓராண்டில் 82 கிலோவுக்கு இறங்கினேன். நீரிழிவு மாத்திரை நின்றது.

அம்மாணவனுக்குக் கடிதம் எழுதினேன். பழைய முகவரி, திரும்பி வந்துவிட்டது. இப்பொழுது வேறொரு முகவரி கிடைத்திருக்கிறது. நாளை மீண்டும் எழுதவிருக்கிறேன்.