சொல்லுக்கும் சுற்றம் உண்டு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், தமிழ் ஆசிரியைகளாகப் பணியாற்றும் பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



இந்தக் கல்லூரியில் படித்து வெளியேறி, இன்று பல பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கும் பழைய மாணவிகள் நாங்கள். நூற்றாண்டு விழாவில் எங்கள் தொழிலோடு ஒட்டிய ஒரு விடயத்தைப் பேசும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சொற்களை எப்படிப் படிப்பிப்பது என்பதையே எடுத்துக்கொண்டோம். சிறிய விடயம்போலத் தோன்றினாலும், பிள்ளையின் படிப்பு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இன்று சொற்கள் பெரும்பாலும் பட்டியலாகவே படிப்பிக்கப்படுகின்றன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒத்தசொல் ஒரு பக்கம், எதிர்ச்சொல் ஒரு பக்கம். பிள்ளை இரவிரவாகப் பாடமாக்குகிறாள். வினாத்தாளில் பட்டியலில் இல்லாத ஒரு சொல் வந்ததும் பென்சில் நின்றுவிடுகிறது. அவளுக்கு மூளை இல்லாமல் இல்லை, உழைப்பும் குறைவில்லை. ஒவ்வொரு சொல்லும் உற்றார் உறவினர் இல்லாத தனிச் சொல்லாகவே அவளுக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதுதான் குறை.

இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகளுக்கென்றே பாலபாடங்களும் இலக்கணச் சுருக்கமும் எழுதினார். ஆனால் வகுப்பறையில் என்ன நடக்கிறது? ‘வந்தனன்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி ஆறு துண்டாக வெட்டுகிறோம். பிள்ளை அந்த ஆறு பெயரையும் பாடமாக்குகிறாள். பிரித்த உறுப்பைக் கொண்டு வேறொரு சொல்லைத் திறந்து பார்க்க அவளுக்குப் பழக்கம் வருவதில்லை. பூட்டைக் கழற்றிக் காட்டுகிறோம். திறப்பைக் கையில் கொடுப்பதில்லை.

எங்கள் வகுப்புகளில் நாங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்தே தொடங்குகிறோம். ‘பெறு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, “இந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் யார் யார்?” என்று கேட்போம். பெற்றார், பெறுமதி என்று வரும். சோதனை முடிந்த காலமென்றால் ‘பெறுபேறு’ தானாகவே வரும். ‘பேறு’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு யோசிக்கும். கெடு என்பது கேடு ஆகிறது. சுடு என்பது சூடு ஆகிறது. படு என்பது பாடு ஆகிறது. அப்படியே பெறு என்பது பேறு ஆகிறது. குறில் நெடிலானதும் வினை பெயராகிவிட்டது. இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. அந்தப் பெயரைப் பிறகு சொல்லலாம். முதலில் பிள்ளை மாற்றத்தைக் கண்ணால் காண வேண்டும். கண்டுவிட்டால், அடுத்த நாள் பத்திரிகையில் ‘பிள்ளைப்பேறு’ என்ற சொல்லைப் பார்க்கும்போது யாரிடமும் கேட்கமாட்டாள்.

இரண்டாவதாக, “யார் செய்தது?” என்ற கேள்வி. குடம் நிரம்பியது, அம்மா குடத்தை நிரப்பினார். பிள்ளை திருந்தினாள், ஆசிரியை கொப்பியைத் திருத்தினார். மெத்தை அமுங்கியது, அவள் கையால் அமுக்கினாள். மெல்லின எழுத்து வல்லினமாக மாறும்போது, தானாக நடந்த காரியம் இன்னொருவர் செய்த காரியமாக மாறுகிறது. ஓடு, ஓட்டு, ஏறு, ஏற்று, தேறு, தேற்று என்று இரட்டிப்பதாலும் இதே மாற்றம் வரும். சோதனையில் தேறியவள், தேறாமல் அழுத தோழியைத் தேற்றுகிறாள். ‘வி’, ‘பி’ என்ற விகுதிகளும் இதே வேலையைச் செய்கின்றன. அறிந்ததை மற்றவருக்கு அறிவிக்கிறோம். அதனால்தான் பாடசாலை வாசலில் அறிவித்தல் பலகை இருக்கிறது. ‘படிப்பிக்கிறோம்’ என்று நாம் நாளாந்தம் சொல்வதிலும் அந்தப் ‘பி’ இருக்கிறது. படிப்பது பிள்ளை, படிக்கச் செய்வது மட்டுமே எங்கள் வேலை என்பதை அந்தச் சொல்லே எங்களுக்கு நினைவூட்டுகிறது.

இந்தப் பழக்கம் தமிழ்ப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. விஞ்ஞானப் பாடநூலைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள் பலர். ‘அமுக்கம்’ என்ற சொல்லைக் கண்டதும் அது ஏதோ புதிய பொருள் என்று நினைக்கிறார்கள். மெத்தையை அமுக்கிய கைதான் அது என்று காட்டினால் பாதிப் பயம் போய்விடும். ‘ஆர்முடுகல்’, ‘அமர்முடுகல்’ என்ற இரண்டையும் மாறி மாறிக் குழப்பிக்கொள்வார்கள். முடுகுதல் விரைதல், ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். இனி எது வேகம் கூடுவது, எது குறைவது என்று பாடமாக்கத் தேவையில்லை. கணிதத்தில் வரும் ‘தேற்றம்’ தேறு என்ற சொல்லின் சுற்றம்தான். ஐயம் நீங்கித் தெளிந்து உறுதியானது தேற்றம். நம் நாட்டில் விஞ்ஞானத்தைத் தமிழிலே படிப்பிப்பதற்குக் கலைச்சொல் ஆக்கியவர்கள் வீட்டுச் சொற்களிலிருந்தே பலவற்றை ஆக்கித் தந்தார்கள். அந்த உறவைப் பிள்ளைக்குக் காட்டாமல் விட்டால் அவர்கள் உழைப்பு வீணாகிவிடும்.

ஆனால் உறவு என்று கண்டதையெல்லாம் சேர்க்கவும் கூடாது. பிள்ளைகள் ஆர்வத்தில் பல்லையும் பல்லியையும், கடலையும் கடலையையும் ஒரு வீட்டில் குடிவைத்துவிடுவார்கள். சிரித்துவிட்டுக் காரணம் கேட்கிறோம். ‘பாடு’ என்பதிலிருந்து ‘பாடம்’ வந்தது என்று பெரியவர்களும் நினைப்பதுண்டு. ஆடு என்பது ஆட்டம் ஆகிறது. ஓடு என்பது ஓட்டம் ஆகிறது. பாடு என்பதும் இரட்டித்துப் பாட்டு ஆகிறது. பாடம் என்பதில் அந்த இரட்டிப்பு இல்லை. அது வடமொழியிலிருந்து வந்த சொல். ஆகவே மூன்று கேள்வி கேட்கப் பழக்குகிறோம். வடிவம் ஒத்துவருகிறதா? பொருள் ஒத்துவருகிறதா? இதே மாற்றம் வேறு சொற்களிலும் நடக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் உறவு. கேட்டதை உடனே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் குணம் இதனாலும் வளர்கிறது.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். சில வினைகளில் பகுதி மாறுவதே இல்லை. நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறும். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். ‘ந்’ இருந்த இடத்தில் ‘த்’ வந்தது, அவ்வளவுதான். வகுப்பில் எது உடைந்தாலும், “உடைஞ்சு போச்சுது ரீச்சர்” என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். உடைத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இலக்கணம் தெரிந்திருக்கிறது பாருங்கள்! எந்த வடிவத்தைச் சொன்னால் ஆள் மறைந்துபோகும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

‘பெயர்’ என்ற வினையும் இப்படித்தான். மழைக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்தது. கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். இந்தச் சொல்லின் சுற்றம் பெரியது. ஒரு மொழியிலுள்ளதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு. கிரகம் இராசி மாறினால் சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி. விஞ்ஞானத்தில் ஒரு பொருள் தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளிவரை நேர்கோட்டில் அளப்பது இடப்பெயர்ச்சி. ‘ச்சி’ நீங்கி ‘வு’ வந்தால் இடப்பெயர்வு. இந்தச் சொல்லை எழுதியதும் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நடந்த நடையைப் பற்றி அம்மம்மாமார் சொல்லக் கேட்ட பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். வன்னியில் இறுதிப் போர்க்காலத்து இடப்பெயர்வுகளைத் தாய் தந்தையர் சொல்லக் கேட்டவர்களும் இருப்பார்கள்.

அப்போது கேட்போம்: “இடம்பெயர்ந்தோம் என்று எழுதுவதா, இடம்பெயர்க்கப்பட்டோம் என்று எழுதுவதா?” இரண்டும் பிழையில்லாத தமிழ். முதலாவதில் நாங்கள் எழுந்து போனோம் என்ற பொருள்தான் முன்னே நிற்கிறது. இரண்டாவதில் எங்களைப் போகச் செய்த ஒன்று இருக்கிறது. எது சரி என்று நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் கேட்டு, அவர் கதைக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதும்படி சொல்கிறோம். கொப்பியில் ஒருவர் ஒன்றை எழுதுவார். மற்றவர் மற்றதை எழுதுவார். எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் நினைத்து எழுதுகிறார்கள். சொல்லின் வடிவத்தைத் தெரிவுசெய்வது உண்மையைத் தெரிவுசெய்வது என்று அவர்களுக்கு அன்றைக்கு விளங்குகிறது.

பெண்கள் கல்லூரி என்பதால் இன்னொரு சொல்லையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ‘அடக்கம்’ என்பது நாமெல்லாரும் கேட்டு வளர்ந்த சொல். அடங்கு, அடக்கு என்ற இரண்டுக்கும் அது சொந்தம். தன்னறிவால் தன்னை அடக்கிக்கொள்வதும் அடக்கம்தான். ஒருவரை வாய் திறக்கவிடாமல் வைத்துவிட்டு, “நல்ல அடக்கமான பிள்ளை” என்பதையும் கேட்டிருக்கிறோம். பெயர்ச்சொல்லில் செய்தவர் தெரிவதில்லை. அதை வினையாக மாற்றினால்தான் தெரிவார். “அடங்கினாளா, அடக்கப்பட்டாளா?” என்று கேட்கத் தெரிந்த பெண், புகழ்ச்சியையும் கட்டுப்பாட்டையும் வேறு பிரித்து அறிவாள். இந்தக் கல்லூரி எங்களுக்கு அடக்கத்தையும் கற்பித்தது. கேள்வி கேட்கவும் கற்பித்தது. இரண்டும் எங்களுக்கு உதவியிருக்கின்றன.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. புதிய கட்டடமும் வேண்டியதில்லை. கரும்பலகையும் ஒரு வெண்கட்டியும் போதும். தாய்மாரிடமும் அம்மம்மாமாரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிள்ளை ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டால், கருத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். “இதற்குச் சொந்தமாக உனக்குத் தெரிந்த சொல் ஏதாவது இருக்கிறதா?” என்று திருப்பிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இதே வழி உதவும். வீட்டிலே காதில் விழும் பத்துப் பதினைந்து வினைச்சொற்களே அவர்களுக்கு முதல் போதும். வா, போ, இரு, எடு, கொடு, படி என்று தொடங்கினால், ஒவ்வொன்றும் தன் சுற்றத்தை அழைத்துக்கொண்டு வரும்.

விழா நாளில் எல்லோர் வாயிலும் வரும் ஒரு சொல்லோடு முடிக்கிறோம். தாழ் என்பது தாழ்த்து ஆகிறது. வீழ் என்பது வீழ்த்து ஆகிறது. வாழ் என்பது வாழ்த்து ஆகிறது. வாழச் செய்வது வாழ்த்து. நூறு ஆண்டுகளாக இந்தக் கல்லூரிக்கு உழைத்தும் கொடுத்தும் வந்த பழைய மாணவிகள் அந்தப் பொருளிலேயே வாழ்த்தியிருக்கிறார்கள். அவர்களின் வழியில் நாமும் நம் கல்லூரியை வாழ்த்துவோம்.