துன்ப நீக்கத்தின் விலை



அறக்கட்டளையார் தந்த தலைப்பு ‘இன்ப நாட்டமும் துன்ப நீக்கமும்’. உபநிடதத்தில் தொடங்கலாம், உங்களுக்கும் நல்ல தூக்கம் வரும். ஆனால் கள்ளக்குறிச்சியில் இதைப் பேசுகிறவன் கருணாபுரத்தைத் தாண்டிப் போக முடியாது.

2024 ஜூனில் அங்கே விற்ற பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் இருந்தது. 65 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெண்களும் உண்டு. முதல் சாவின் காரணம் தெரியாததால், இழவுக்கு வந்தவர்களிலும் சிலர் அதையே வாங்கிக் குடித்தார்கள். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். அதுவரை குடித்தவருக்கு அது வழக்கமான போதைதான்.

சுகத்துக்கு ஆசைப்பட்டுச் செத்தார்கள் என்று பேசினவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூட்டை தூக்குகிறவரைக் கேளுங்கள்: “உடம்பெல்லாம் வலி, கொஞ்சம் போட்டாத்தான் கண்ணு மூடும்” என்பார். இது சுகவாசியின் பேச்சா? ஒரு ராத்திரி வலி தெரியாமல் கிடக்க அவர் காசு கொடுக்கிறார். டாஸ்மாக்கில் குவார்ட்டர் 140 ரூபாய் விற்ற காலம் அது. பாக்கெட்டுக்கு அதில் பாதிகூட ஆகாது. மலிவானதில்தான் விஷம் இருந்தது.

நம் வட்டாரத்துக்கு உபதேசம் புதிதல்ல. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலைகள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் சமணரின் அப்பாண்டைநாதர். துன்பத்தின் வேர் வேட்கை என்றார் புத்தர். பெரியவர் வாக்கு, மறுக்கவில்லை. ஆனால் மூட்டை சுமந்தவரின் இடுப்புவலிக்கு எந்த வேட்கையைக் காட்டுவது? சோற்றாசையையா?

சாவுகள் விழுந்ததுமே பழி கல்வராயன் மலைமேல் விழுந்தது. அங்கே வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்தது உண்மை. மெத்தனாலோ ஆலைச் சரக்கு. மலை அடுப்பில் காய்ச்சி எடுப்பதல்ல. 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. கடுக்காய் விற்றுக் கிடைக்காத காசை அங்கே சிலர் ஊறலில் பார்த்தார்கள்; அதுவும் ஒரு துன்ப நீக்கம்தான். சாவுகள் விழுந்த பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரித்தது. 48 ஆண்டு பொறுத்து!

அதே ஜூனில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள்தண்டனை வரை கொண்டுபோனார்கள். விற்பவனுக்கு அது சரி. குடிப்பவரின் வலி சட்டமன்றத்துக்கு வரவில்லை. காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. வேலை முடிந்து திரும்பும்போது திறந்திருப்பது டாஸ்மாக், இரவு 10 மணி வரை. கருணாபுரத்தில் அதே 10 மணி வரை ஒரு மருத்துவரும் இருக்கட்டும். இந்த மேடையில் நான் வைக்கும் கோரிக்கை அதுதான்.